இரும்புக்குருவி படித்த நெல்லோ

நெல்லோ கபுவானோ ஒரு பெரிய பியானோவை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். அவர் ஏறும்போது என் அத்தை அதன்மேல் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பாட்டை முழுசாக வாசித்து முடித்தாள். மேலே இறக்கி வைத்தபோது ஒரு கட்டையில்கூடச் சுருதி பிசகவில்லை. புரூக்ளினில் இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஐந்து மாடி இல்லை, மூன்று. பெரிய பியானோவும் இல்லை, சுவரோரம் நிறுத்துகிற சின்ன ரகம். ஒற்றைத் தோள் என்பதும் சரியில்லை, கீழே வார்ப்பட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள் இருந்தார். அத்தை வாசிக்கவில்லை, பின்னாலேயே படியேறி, "சுவத்துல இடிக்காத, சுவத்துல இடிக்காத" என்று கத்திக்கொண்டு வந்தாள். மற்றபடி எல்லாம் நிஜம்.

நெல்லோவுக்குப் பிழைப்பே பியானோ தூக்குவதுதான். ஆள் உயரமில்லை, அகலம். எங்கள் கடைக்குள் நுழையும்போது உடம்பைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நுழைவார். வாசல் நிஜமாகவே போதவில்லையா, இல்லை அது ஒரு ஜம்பமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். தெருவில் எவர் வீட்டில் எது நகர மறுத்தாலும், அலமாரியாகட்டும் மாமியாராகட்டும், "நெல்லோவக் கூப்பிடு" என்பார்கள். ஆனால் அவருடைய மரியாதை முழுக்கத் தெரிவது ஜூலை மாதத்தில். அப்போதுதான் புரூக்ளினில் எங்கள் தெருத் திருவிழாவுக்கு லில்லி எழும்பும்.

லில்லி என்று நாங்கள் சொல்வது கோபுரத்தை. மரச்சட்டம், அதைச் சுற்றிக் காகிதக்கூழில் செய்த தேவதைகள், பூக்கள், உச்சியில் எங்கள் புனிதர். சுற்றிலும் இருக்கும் வீடுகளின் மொட்டை மாடியைத் தாண்டி நிற்கும். அடித்தட்டில் பேண்டு வாத்தியக்காரர்களும் பாட்டுக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் அந்தப் பெரிய டிரம்மையும் சேர்த்தே தூக்க வேண்டும். கீழே நீளநீளமான கழிகள், கழிகளுக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் தோள்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அது அப்பன் விட்டுப்போவது. முன்வரிசை இடது மூலை நெல்லோவின் அப்பாவுடையது, அவருக்குப் பின் நெல்லோவுடையது. மற்றவர்களெல்லாம் நெரிசலில் மறைந்துபோவார்கள்; அந்த மூலையில் நிற்பவனின் முகம் மட்டும் தெருவுக்கே தெரியும்.

தூக்குவதற்கு ஒரு தலைவர். எங்கள் காலத்தில் தோன் பெலிச்சே; 'தோன்' என்பது பெரியவர்களுக்கு வைக்கிற மரியாதை. அவர் கையில் ஒரு கம்பு இருக்கும். கம்பு மேலே போனால் எல்லோரும் ஒன்றாக எழ வேண்டும், இறங்கினால் ஒன்றாக இறக்க வேண்டும். கம்பு உயர்வதற்கு முன்னால், முடியாது என்று நினைக்கிறவன் சொல்லிவிட்டு வெளியே வரலாம். உயர்ந்த பிறகு யாரும் அசையக் கூடாது. ஒருவன் விலகினால் பக்கத்தில் இருப்பவன் முதுகு போய்விடும். சட்டம் அப்படி. ஆனால் கம்புக்கு முன்னால் சொல்லிவிட்டு வெளியே வந்த ஒரு ஆளை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை.

நெல்லோவுக்குத் தோள் போனது அறுபத்து நான்காம் வருஷம் பிப்ரவரியில். படியில் பனிக்கட்டி, பியானோ சரிந்தது, அவர் விடாமல் தாங்கினார். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவர் காதுக்கே கேட்டதாம். வீட்டில் சுளுக்கு என்றார். வைத்தியரிடம் போகவில்லை. போனால் அவர் "தூக்காதே" என்பார், அதைக் கேட்டுவிட்டுத் தூக்குவது பாவம் அல்லவா? அந்த ஜூலையில் வழக்கம்போல் துண்டை நாலாய் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் போய் நின்றார். கம்பு உயர்ந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நெல்லோவும் எழுந்தார், மற்றவர்களைவிட ஒரு விரல் தாழ்வாக. தோள் கழியைத் தொட்டது, பாரத்தைத் தொடவில்லை. முகத்தைச் சுளித்தார், பல்லைக் கடித்தார், வியர்த்தார். வியர்வை மட்டும் அசல். கோபுரம் எழுந்தது, அந்த மூலைப் பக்கம் ஒரு நூல் சாய்ந்து. தெருவே "நெல்லோ! நெல்லோ!" என்று கத்தியது.

அடுத்த வருஷமும் அப்படியே.

அறுபத்து ஆறில் நான் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானங்களில் அப்பாவின் மூலைக்கடையைப் பார்த்துக்கொள்வேன். சோடா, சிகரெட், மிட்டாய், செய்தித்தாள், காமிக்ஸ் புத்தகங்கள். விற்காத காமிக்ஸை என்ன செய்வார்கள் தெரியுமா? அட்டையின் மேல்பக்கம், பெயர் போட்டிருக்கிற கீற்றை மட்டும் கிழித்து விநியோகக்காரருக்குத் திருப்பி அனுப்பினால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். உடம்பைக் குப்பையில் போட வேண்டும். எங்கள் அப்பா குப்பையில் போடுகிற ஜாதி இல்லை. தலை கிழிந்த புத்தகங்களெல்லாம் கல்லாவுக்கு அடியில் ஒரு பெட்டியில் கிடக்கும். தெரிந்தவர்களுக்கு மலிவாகக் கைமாறும்.

மார்ச் மாதம், தெரு முழுக்க உருகின பனிச்சேறு. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய கவிதைத் தொகுப்பின்மேல் நான் தலை கிழிந்த காமிக்ஸ் ஒன்றை விரித்து வைத்திருந்தேன். நெல்லோ வந்து சோடா கேட்டார். கண்ணாடித் தம்ளரை நான் நகர்த்தியபோது அவர் கண் அந்தப் பக்கத்தில் விழுந்தது. படத்தில் ஒருவன் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான். முகமூடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. தோளில் ஆவி பறக்கும் ஈரத்துண்டு. கொடியில் அவனுடைய உடை காய்கிறது, முழங்காலில் ஒட்டுப்போட்டிருக்கிறது. வசனம் ஒன்றும் இல்லை.

சோடா நுரை அடங்கும்வரை நெல்லோ அதைக் குடிக்கவில்லை.

"யாரு இது?"

"இரும்புக்குருவி, மாமா."

"ரவுடியா?"

"ஹீரோ. ஊரக் காப்பாத்தறவன்."

"பறப்பானா?"

"பறப்பான். எறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும்."

கேலி செய்கிறேனோ என்று என்னை முறைத்துப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"தோளுக்கு என்ன கேடு?"

"பிரேக் போன டிராம் வண்டியத் தாங்கிப் பிடிச்சிட்டான். ரெண்டு பக்கம் முன்னாடி."

"எந்தத் தோள்?"

"இடது."

அவர் கை தானாக எங்கே போயிற்று என்று நான் பார்த்தேன். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். "படிக்கிற புள்ள கையில இருக்கற புத்தகமா இது? இங்க குடு. வண்டில அழுக்குத் துணி சுத்தறதுக்கு ஆகும்."

அடுத்த வாரம் வண்டிக் கண்ணாடி துடைக்க இரண்டு கேட்டார். அதற்கடுத்த வாரம் பறவைக்கூண்டுக்கு அடியில் விரிக்க. "எந்தப் பறவைக்கு மாமா? உங்க வீட்டுல கூண்டே இல்லையே?" என்றேன். "வாங்கப் போறேன்" என்றார். எந்தக் குருவிக்கு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

கடையின் பின்பக்கம் இரண்டு மேசைகள் உண்டு. அங்கே உட்கார்ந்து படிப்பார். அடி, உதை, கட்டடம் இடிவது இதெல்லாம் வந்தால் விரலை எச்சிலில் தொட்டு வேகமாகத் தள்ளிவிடுவார். அவருக்கு வேண்டியது இரும்புக்குருவி வீடு திரும்பிய பிறகு வரும் பக்கங்கள். அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு தன் உடையைத் தானே தைப்பது. சுரங்க ரயிலில் முகமூடியோடு தூங்கிப்போய்க் கடைசி நிலையத்தில் முழிப்பது. ஜுரத்தில் வில்லனுடைய அறையிலேயே மயங்கி விழ, அந்த வில்லன் பாவம் பார்த்துப் போர்வை போர்த்துவது. பகலில் அவன் ஒரு கடிகாரக் கடைக் குமாஸ்தா, முதலாளி "ராத்திரியெல்லாம் என்னடா பண்றே, பகல்ல தூங்கி வழியறே?" என்று திட்டும்போது பதில் சொல்லாமல் நிற்பான். அந்தக் கட்டத்தை நெல்லோ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காலத்து அச்சில் சிவப்பு ஒரு பக்கம், கோடு ஒரு பக்கமாக விலகித்தான் விழும். குருவியின் கன்னத்துச் சிவப்பு எப்போதும் முகத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்திருக்கும்.

ஒருநாள் கேட்டார்: "இவன் ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறான்?"

"என்னன்னு?"

"முடியலன்னு."

"ஹீரோ ஆச்சே மாமா. வெக்கமா இருக்காதா?"

அவர் சோடாவைக் கலக்கிக்கொண்டிருந்தார், கலக்க அதில் ஒன்றும் இல்லை.

நாற்பத்தாறு வயசு ஆம்பளை காமிக்ஸ் படிப்பது எங்கள் தெருவில் கேள்விப்படாத சங்கதி. அதனால் ஒரு உபாயம் செய்தார். குதிரைப் பந்தயத் தாளை வாங்கி அகலமாக விரித்து, அதற்குள் குருவியை வைத்துக்கொண்டு படித்தார். ஊர் என்ன நினைக்கும்? நெல்லோ பந்தயத்தில் இறங்கிவிட்டார் என்று நினைக்கும். நினைத்தது. அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பந்தயம் ஆடாத ஆம்பளைதான் சந்தேகத்துக்குரியவன். வீட்டுக்காரி அசுந்தாதான் கலங்கிப்போனாள்.

அந்த அசுந்தாக்கா இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். எழுத எழுத அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம், நெல்லோ போய்விட்டார், அவருக்காகக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்கிறாள். அன்றைக்கு அவள் கடைக்கு வந்து கல்லாவில் சாய்ந்துகொண்டு, "மேனா, நெஜத்தச் சொல்லு. எந்தக் குதிரைமேல கட்டறார்?" என்று கேட்டாள். "ஒரு பறவைமேலக்கா" என்றேன். "கோழிச் சண்டையா? கடவுளே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அந்த ரகசியம் வெளியே வந்தது. பின்மேசைகள் நிறைய ஆள்கள். சபாதினோ உள்ளே வந்தார். அசுந்தாவின் தம்பி, வாய்க்குப் பூட்டு இல்லாதவர், எங்கள் தெருவின் இலவச வானொலி. கழியின் அடியில் நெல்லோவுக்கு நேர் பின்னால் இருக்கும் இடம் அவருடையது. போன ஜூலையிலிருந்து ஒரு முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். சுரங்க ரயில் படியில் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்கி எந்தக் குதிர? நானும் கட்டறேன்" என்று பந்தயத் தாளைச் சட்டென்று பிடுங்கினார். உள்ளிருந்து இரும்புக்குருவி வழுக்கி மேசையில் மல்லாந்து விழுந்தான்.

அடுத்த நொடி சிரிப்பு கூரையைத் தூக்கிற்று.

"குதிர இல்லடா, குருவி!"

"நெல்லோ, றெக்கைய எங்க காணோம்? சலவைக்குப் போட்டிருக்கியா?"

"இனிமே பியானோவப் பறந்தே கொண்டுபோய்டலாம்!"

"எம் மகளுக்கு வாங்கினது" என்றார் நெல்லோ.

"ஒம் மகளுக்குக் கல்யாணமாகி நியூஜெர்சி போய் ஒரு வருஷம் ஆச்சு மச்சான்!" என்றார் சபாதினோ. "அங்க எங்கக்கா சூதாடிப் புருஷன்னு சாமிகிட்ட அழுதுட்டிருக்கா. போய்ச் சொல்றேன், அழாதக்கா, பொம்மப் புத்தகம்தான் படிக்கிறாருன்னு. சூதாட்டமே தேவலன்னு அவ மறுபடி அழப் போறா."

நெல்லோவும் சிரித்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோய்ச் சிரித்தார். அவர் சிரித்ததால் சபாதினோவுக்கு இன்னும் ஊக்கம் வந்துவிட்டது.

"இப்பத்தான்டா எனக்குப் புரியுது! லில்லிக்கு அடியில மச்சான் நிக்கறதப் பாத்திருக்கீங்களா? குருவி கம்பில உக்காந்த மாதிரியே நிப்பாரு. பாரம் ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம்!"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது இன்னொரு கேலி. நெல்லோ சிரிப்பதை நிறுத்தினார். சபாதினோவும் நிறுத்தினார், வாயிலிருந்து வந்ததை வாயாலேயே பிடித்து விழுங்கப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். நெல்லோவின் பார்வை மெல்லக் கீழே இறங்கி அந்தப் பட்டை கட்டிய முழங்காலில் நின்றது. கல்லாவிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாகத் தான் தூக்காத பாரம் எங்கே போயிற்று என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

"சும்மா சொன்னேன் மச்சான்" என்றார் சபாதினோ, சின்னக் குரலில்.

நெல்லோ காமிக்ஸை எடுத்து மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பந்தயத் தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. தெருவில் பையன்கள் கீச்கீச் என்று விசிலடித்தால் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார். கேலி அவரை ஒன்றும் செய்யவில்லை. அது அவருக்கு உறைக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். சபாதினோவைக் கண்டால் மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறினார். அந்த முழங்காலின் நடையைப் பின்னாலிருந்து பார்க்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அன்று அவர் சட்டைக்குள் செருகிப்போன இதழின் கடைசிப் பக்கத்தை நான் முன்பே படித்திருந்தேன். ஒரு பழைய குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் இருக்கிறதே, அதே மரத்தொட்டி, கால் முறிந்து சாய்கிறது. இரும்புக்குருவி அடியில் போய்த் தாங்குகிறான். கீழே நாலு மாடி நிறைய ஜனங்கள் ராத்திரிச் சாப்பாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. குருவியின் முதுகு வளைகிறது. "இதற்கு மேல் என்னால் முடியவில்லை" என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அதோடு பக்கம் முடிகிறது, தொடரும்.

ஜூலை முதல் வாரம் அடுத்த இதழ் கட்டு வந்து இறங்கியது. வெளியே விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்; பன்றிக்கறியும் மிளகாயும் பொரிக்கிற வாசனை. கடையில் சரியான கூட்டம். நெல்லோ வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "குருவி புதுசு வந்தாச்சா?" என்று கேட்டார். தலை கிழியாத, அட்டை பளபளக்கிற புத்தகத்தை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு கல்லாவிலேயே நின்று விரித்தார். எவனோ கீச் என்றான். அவர் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது பக்கத்திலேயே அந்தத் தொட்டிச் சங்கதி முடிந்துவிட்டது. குருவி கண்ணை மூடுகிறான், கண்ணைத் திறக்கிறான், பல்லைக் கடித்துத் தொட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஆற்றில் எறிகிறான். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். அவன் சிரித்தபடி பறந்து போகிறான்.

நெல்லோ முந்தின பக்கத்துக்குத் திருப்பினார். நடுவில் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தாளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன மாமா, பிடிக்கலையா?"

"போன மாசம் முடியலன்னான்."

"ஆமா."

"இந்த மாசம் தூக்கி எறியறான். நடுவுல யாரு வந்தா?"

"யாரும் வரல."

"பின்ன எப்படி?"

"கதைதானே மாமா" என்றேன்.

"அவனுக்கு வரைஞ்சு குடுக்க ஆள் இருக்கு." புத்தகத்தை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கு சபாதினோ இருக்கான். ரெண்டு வருஷமா நான் தோளக் காட்டறேன், பாரம் அவன் முழங்கால்ல எறங்குது. அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே தூக்கியிருக்கான். எல்லாரும் எம் பேரச் சொல்லிக் கத்தறப்போ அவனும் சேந்து கத்தியிருக்கான், மேனா."

"இந்த வருஷம் என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல" என்றார். "சொன்னா எங்கப்பா எடத்த விட்டுட்டேன்னு ஆயிடும். சொல்லலேன்னா அவன் கால் போயிடும்."

புத்தகத்தைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போனார்.

திருவிழா ஞாயிறு. கோவிலில் பூசை முடிந்து கூட்டம் தெருவுக்கு வந்தது. நான் எங்கள் வீட்டு வெளிப்பக்க இரும்பு மாடிப்படியில் இடம் பிடித்திருந்தேன். லில்லியின் இடது மூலைக்கு நேர் மேலே. தார் உருகுகிற வெயில். ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கழிகளுக்கு அடியில் நுழைந்தார்கள். நெல்லோ கடைசியாக வந்தார், மடித்த துண்டோடு. கூட்டம் "நெல்லோ!" என்றது. அவர் கையை உயர்த்தவில்லை. நடைபாதையில் பெண்கள் வரிசையில் அசுந்தாக்கா ஒரு மடக்கு நாற்காலியோடு நின்றிருந்தாள்.

சபாதினோ பின்னாலிருந்து முணுமுணுத்திருக்கிறார். இதை அவரே அப்புறம் எனக்குச் சொன்னார். "மச்சான், பேசாம நில்லுங்க. இந்த வருஷமும் நான் பாத்துக்கறேன். அக்கா பாத்துட்டிருக்கா."

"ஒன் கால்?"

"கால் கெடக்குது. நீங்க மூஞ்சிய மட்டும் வெச்சுக்கங்க, அது போதும்."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நெல்லோ நின்றிருப்பாரோ என்னவோ. அவர் கழியிலிருந்து தலையை வெளியே நீட்டி, "தோன் பெலிச்சே!" என்றார். பேண்டு முழு வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. தோன் பெலிச்சேவுக்கு ஏற்கெனவே ஒரு காது மந்தம்.

"என்னது?"

"என்னால முடியாது."

"என்னது? சத்தமாச் சொல்லு!"

"என்னால தூக்க முடியாது!"

"டிரம்ம நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அவர் வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். வாத்தியம் நின்றது. நெல்லோவுக்கு அது தெரிவதற்குள் அவர் நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"என் தோள் போச்சு! ரெண்டு வருஷமா நான் தூக்கல! சபாதினோதான் தூக்கறான்!"

ஒரு தெரு முழுக்க அதைக் கேட்டது. ஐஸ் விற்கிறவர் ஐஸைச் சுரண்டுவதை நிறுத்தினார். மாடிகளில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள், ஏதோ அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்த்துவிட்ட மாதிரி. நெல்லோ கழிக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வந்தார். அவர் நிமிர்ந்தபோது துண்டு தோளில் அப்படியே இருந்தது. வியர்வைகூடப் படாத வெள்ளைத் துண்டு. அதை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார், மறைக்க இடமில்லை. ஆண்கள் இருக்கிற பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை. தள்ளுவண்டிக் குழந்தைகளும் கிழவிகளும் நிற்கிற நடைபாதைக்குப் போனார். பெண்கள் விலகி இடம் விட்டார்கள். எவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மரியாதைக்குத்தான். ஆனால் அது மரியாதை மாதிரித் தெரியவில்லை.

இனிமேல் நடந்ததைக் கேளுங்கள். தோன் பெலிச்சே காலியான மூலையில் வேறொருவனை நிறுத்தினார். கம்பு உயர்ந்தது. நூறு பேரும் முட்டினார்கள். லில்லி அசையவில்லை. மறுபடி கம்பு, மறுபடி முட்டினார்கள், ஒரு அங்குலம் எழவில்லை. உச்சியில் இருந்த புனிதர் தலையைத் திருப்பி நடைபாதையைப் பார்த்தார், என் இரண்டு கண்ணால் கண்டேன். அப்போது தோன் பெலிச்சே கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போய் நெல்லோவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நெல்லோ தோள் கொடுக்கவில்லை, கழியின்மேல் உள்ளங்கையை வைத்தார், அவ்வளவுதான். லில்லி பஞ்சு மாதிரி மேலே போயிற்று. தெருவே அழுதது, சபாதினோ அவர் காலில் விழுந்தார், பேண்டு மாஸ்டர் தன் தொப்பியைக் கழற்றி...

"அத அடிச்சிடு" என்கிறாள் அசுந்தாக்கா, பட்டாணிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு. "எழுந்துச்சு, மேனா. மொதத் தடவையே எழுந்துச்சு. புனிதர் எங்கயும் திரும்பல. யாரும் இவரத் தேடி வரல. இவர் எங்கிட்ட இருந்து நாற்காலிய வாங்கிப் போட்டு உக்காந்தார், தலையக் குனிஞ்சுட்டு ஷூவையே பாத்துட்டிருந்தார். 'எழும்புதா?'ன்னார். 'எழும்புது'ன்னேன். 'போன வருஷத்த விட எப்படி இருக்கு?'ன்னார். நான் என்னத்தச் சொல்றது? 'நேரா இருக்கு'ன்னேன்."